பலகையில் ஒரு பெயர்

வில்லோரா,
8 பிப்ரவரி 1999

தம்பி வெர்னுக்கு,

தொலைபேசியில் "பாக்கறேன்க்கா, பாக்கறேன்க்கா" என்று நீ சொல்ல ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. அதனால்தான் கடிதம். காகிதத்தோடுதானே உனக்குக் குடித்தனம், இதையாவது மதிப்பாய்.

கவுன்சிலில் மனுக் கொடுத்துவிட்டேன். ஊருக்கு இந்த வருஷம் நூற்று இருபத்தைந்தாம் ஆண்டு விழா. முதல் கம்பளி வண்டிக்குச் சிலை இருக்கிறது. முதல் சாராயக் கடைக்குக் கல்வெட்டு இருக்கிறது. செத்துப்போன பந்தயக் குதிரை ஒன்றுக்குக்கூட வெண்கலப் பலகை. அதே 1874இல் ஒன்பதாம் மைல் குட்டையில் சுட்டுக் கொல்லப்பட்ட நம் பூர்வகுடி ஜனங்களுக்கு ஒரு தகரத்துண்டும் இல்லை. சாவதற்குள் அங்கே ஒரு பலகையைப் பார்த்துவிட வேண்டும், எனக்கு வேறு ஆசை கிடையாது.

தடுப்பவன் ரோய் ஹேவில். ஆட்டுச் சந்தையில் ஏலம் கூவிக்கொண்டிருந்தானே, அவனேதான். ஓய்வு பெற்றதும் சரித்திர ஆசிரியன் ஆகிவிட்டான். விழாவுக்கு அவன் போட்டிருக்கும் புத்தகத்தில், இந்தப் பகுதிக் கறுப்பர்கள் தாமாகவே கடற்கரைப் பக்கம் நகர்ந்து போனார்கள் என்று எழுதியிருக்கிறான். எழுநூறு மைல். பிள்ளைகுட்டியோடு. கடற்காற்று வாங்க.

போன கூட்டத்தில் நம் பூட்டன் ஹெக்டரின் கதையைச் சொன்னேன். சிறுவன், சுற்றிலும் துப்பாக்கிச் சத்தம், அல்லி இலையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு அந்தி சாயும்வரை தண்ணீரில் கிடந்தது, ஆமை கடித்து இரண்டு விரல் போனபோதுகூட வாய் திறக்காதது, எல்லாம் சொன்னேன். ஹேவில் எழுந்தான். "டெஸ்லி, நீ நல்லா கதை சொல்ற, யாரு இல்லேன்னா? ஆனா கதை வேற, சரித்திரம் வேற. ஒரே ஒரு காகிதம் காட்டு. பலகைக்கு நானே ஆணி அடிக்கிறேன்" என்றான். சிரித்தார்கள்.

அம்மா ஏன் நம்மை அந்தக் குட்டையில் இறங்கவே விடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குட்டைப் பக்கத்து ஜனமான ரூபி வீட்டார் அக்குளில் கல்லைத் தேய்த்துத் தண்ணீரில் எறிந்து, தண்ணீருக்குத் தங்கள் வாடையைக் காட்டிவிட்டு எருமைக் கூட்டம் மாதிரி இறங்குவார்கள். நாம் வேலிக்கு இந்தப் பக்கம் லாரியில் உட்கார்ந்து உப்புக்கண்டம் தின்போம். பூட்டன் பட்ட பயம் அம்மாவின் எலும்பிலும் இருந்திருக்கிறது. இதற்கெல்லாம் காகிதமா கேட்கிறான்?

கேட்டுவிட்டான், என்ன செய்வது. இருபது வருஷமாக அரசாங்க ஆவணக் காப்பகத்தில் இருக்கிறாய். ஒரே ஒரு காகிதம் எடுத்துக் கொடு.

உன் அக்கா
டெஸ்லி


பிரிஸ்பேன்,
3 மார்ச் 1999

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரைக்கு ஊசி ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாயா?

தேடினேன். குறிப்பாக எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் போலீஸ் காகிதங்கள் வெள்ளத்தில் போனது பாதி, கரையான் தின்றது மீதி.

ஒரு யோசனை. மனுவில் ஹெக்டரின் கதையை எடுத்துவிடலாமே. "இங்கே நம் மக்கள் கொல்லப்பட்டார்கள்" என்று மட்டும் கேட்டால் போதாதா? தனி ஆளைப் பற்றிச் சொல்லப்போய் அதில் ஒரு சின்னத் தவறு இருந்தாலும் ஹேவில் மாதிரி ஆட்கள் அதையே பிடித்துத் தொங்குவார்கள். நான் இங்கே தினமும் பார்க்கிறேன்.

அம்மா உன்னிடம் ஹெக்டரைப் பற்றி வேறு ஏதாவது சொல்லியிருக்கிறாளா? சும்மா கேட்கிறேன்.

வெர்ன்


வில்லோரா,
15 மார்ச் 1999

வெர்ன்,

இருபது வருஷம் அந்தக் கட்டடத்தில் இருந்து நீ கண்டுபிடித்தது கரையான்.

ஹெக்டரை எடுத்துவிடச் சொல்கிறாய். எடுத்துவிட்டால் நம்மிடம் என்ன மிச்சம்? செத்தவர்களின் பெயரைச் சொல்வதில்லை என்று நம் ஜனங்கள் வாயைக் கட்டிக்கொண்டதில் எத்தனை பேர் செத்தார்கள், யார் யார் என்பதெல்லாம் போய்விட்டது. இந்த ஒரு பெயர்தான் நின்றது. அதுவும் வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்பதால், பாதிரிமார் நம்மைப் பதிந்து வைத்த மிஷன் அட்டையில் எழுதியிருந்ததால், நாம் துணிந்து சொல்ல முடிந்தது. அதையும் விடச் சொல்கிறாய். கழுத்தில் அரசாங்க அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டால் முதுகும் வளைந்துவிடுமோ?

சும்மா கேட்கிறாயாம். நீ எதையும் சும்மா கேட்டதில்லை. சின்ன வயதில் "சர்க்கரை டப்பா எங்கக்கா இருக்கு, சும்மா கேட்டேன்" என்பாய். போய்ப் பார்த்தால் டப்பா காலி.

ஏப்ரல் 20 கவுன்சில் ஓட்டெடுப்பு. ஹேவில் பிரிஸ்பேனுக்குப் போய்வந்தான் என்று தபால்காரி சொன்னாள். பல் கட்டப் போயிருப்பான். நான் ஹெக்டரின் கதையைத்தான் சொல்லப்போகிறேன், முன்னைவிடச் சத்தமாக.

டெஸ்லி


வில்லோரா,
22 ஏப்ரல் 1999

வெர்ன்,

முந்தாநாள் கூட்டம். மண்டபம் நிறைய ஜனம். ரூபி வீட்டார் கடைசி வரிசையில். மேயர் என்னை முதலில் பேசச் சொன்னார். அல்லி இலை, ஆமை, விரல், ஒன்று விடாமல் சொன்னேன். என் நீலச் சட்டை போட்டிருந்தேன், அம்மாவின் அடக்கத்துக்கு வாங்கியது. ஒரு வெள்ளைக்காரப் பெண் அழுதாள்.

ஹேவில் எழுந்து பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தான். "டெஸ்லிகிட்ட ஒரு காகிதம் கேட்டேன். பாவம், அவளால முடியல. நானே கொண்டாந்துட்டேன்" என்றான். படித்தான். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, உனக்கும் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். 1874 ஜூலை. ஒன்பதாம் மைல் குட்டையில் கறுப்பர் கூட்டம் கலைக்கப்பட்டது. கறுப்புப் போலீஸ் ஆறு பேர், நம்மவர்களிலிருந்தே அரசாங்கம் சேர்த்துக்கொண்ட படை. துருப்புக்காரன் ஹெக்டர், துப்பாக்கி வெடித்து வலது கையில் இரண்டு விரல் இழந்தவன், முதலில் தண்ணீருக்குள் குதிரையை விட்டான். அவன் துணிவை மெச்சி, பிடிபட்ட ஒரு சிறுமியைத் தன்னுடன் வைத்துக்கொள்ள அனுமதி தரப்பட்டது.

"ரெண்டு விரல்" என்று ஹேவில் தன் விரல்களை மடக்கிக் காட்டினான். "ஆமை இல்லம்மா. துப்பாக்கி."

ஒரு வேடிக்கை கேள். கலைத்தார்கள் என்று பழைய காகிதத்தில் வந்தால் விரட்டினார்கள் என்றுதான் அர்த்தம், சுட்டார்கள் என்று கிடையவே கிடையாது என்று பன்னிரண்டு வருஷமாகச் சாதித்தவன் அவன். நம் பூட்டன் பெயர் வந்ததும் ஒரே நிமிஷத்தில் ஒப்புக்கொண்டான். "ஆமா, சுட்டாங்க. யார் சுட்டாங்க? கறுப்பன கறுப்பன் சுட்டான். சுட்டவன் கொள்ளுப்பேத்தி வந்து நம்மகிட்ட நியாயம் கேக்கறா."

நான் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். ரூபி என்னைப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் ஆச்சரியமும் இல்லை. கைத்தடியை ஊன்றி எழுந்து, வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஓட்டெடுப்பைத் தள்ளி வைத்தார்கள். எனக்கு யாரும் தேநீர் கொடுக்கவில்லை.

ஒன்றுதான் கேட்கிறேன். அந்தக் காகிதம் எங்கிருந்து அவன் கைக்குப் போனது? கரையான் தின்றுவிட்டதாக ஒருவன் எழுதினானே.

டெஸ்லி


பிரிஸ்பேன்,
2 மே 1999

அக்கா,

ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இதையாவது முழுக்கப் படி.

காகிதத்தை ஜனவரியிலேயே பார்த்துவிட்டேன். உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே. துருப்புக்காரன் ஹெக்டர் என்று படித்ததும் வேறு ஹெக்டர் என்று நினைத்தேன். அந்தப் பெயர் நாய்க்கும் வைத்தார்கள், நம்மவர்களுக்கும் வைத்தார்கள். இரண்டு விரல் என்ற இடத்துக்கு வந்ததும் பெட்டியை மூடிவிட்டேன். உனக்கு என்னவென்று எழுதுவது? நீ கேட்ட ஆதாரம் இருக்கிறது, அது நம் வீட்டு ஆளின் கை என்றா?

இனி நான் சொல்லாவிட்டாலும் நீ கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் எட்டாம் தேதி ஹேவில் வந்தான். சீட்டு எழுதி நீட்டினான். அந்தப் பெட்டியின் எண். என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். சீட்டு வந்தால் கிடங்கிலிருந்து பெட்டியை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்து வாசிப்பு அறைக்குக் கொண்டுபோக வேண்டும். மேஜையில் வைக்க வேண்டும். வாசிப்பவன் போனதும் எடுத்துப்போக வேண்டும். அவ்வளவுதான்.

"இடத்தில் இல்லை" என்று சீட்டில் எழுதியிருக்கலாம். வேறு ஆட்கள் வேறு காரணங்களுக்காக எழுதிப் பார்த்திருக்கிறேன். கிடங்கில் பத்து நிமிஷம் நின்றேன். நம்மவர்களைப் பற்றிய காகிதம் காணாமல் போவதைப் பற்றி இருபது வருஷமாகக் கத்தியவன் நான். நானே ஒன்றைக் காணாமல் போக்கினால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? கொண்டுபோய் வைத்தேன். என்னை அடையாளம் தெரியாமல் "தேங்க்ஸ், தம்பி" என்றான். அறுபதை எட்டப்போகிறவனை.

வந்த அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் பல் கட்டப் போயிருப்பான் என்று நீ எழுதியதைப் படித்தபோதும் சொல்லவில்லை. உன்னை அந்த மண்டபத்தில் தனியாக நிற்க விட்டேன். தைரியம் இல்லை, வேறு காரணம் எதுவும் கிடையாது.

இன்னொரு பக்கம் இருக்கிறது அக்கா. ஹேவில் முதல் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு போனான். இரண்டாம் பக்கத்தில், மாடு காணவில்லை என்று போலீஸை அழைத்த வெள்ளைக்கார மேய்ச்சல் பண்ணைக்காரனின் பெயர் இருக்கிறது. "என் உத்தரவின்படி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் இருக்கிறது. ஹெக்டரைப் பதினாறு வயதில் அறுநூறு மைல் தெற்கே ஒரு சிறையிலிருந்து எடுத்து வந்ததும் இருக்கிறது. பிரதி என் மேல்சட்டைப் பையில் இருக்கிறது. அனுப்பட்டுமா?

வெர்ன்


வில்லோரா,
12 மே 1999

வெர்ன்,

அனுப்பாதே.

பூட்டன் குதிரையில் போனான். நீ தள்ளுவண்டியில் போனாய். இரண்டு பேருக்கும் உத்தரவு.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கக் கடிதத்தை மூடி வைத்திருந்தேன். அந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்க மாட்டேன், இருக்கட்டும்.

பதினாறு வயது, சிறை, அறுநூறு மைல் எல்லாம் எனக்கு எதற்கு? பாவம் என்று நான் அழவா? தண்ணீரில் கிடந்தவர்களிடம் போய் அவன் வயதைச் சொல்லவா?

ரூபி வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், கொசுவலைக் கதவைத் திறக்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினாள்.

"இப்பதான் தெரியுமா ஒனக்கு? எங்க வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்" என்றாள்.

"ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"ஒங்கம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வேலிக்கு அந்தப் பக்கமே நின்னா. ஒங்கள எறங்க விட்டா தண்ணி அந்தாளோட வாடையக் கண்டுக்கும்னு பயம். மரியாத தெரிஞ்ச பொம்பள. அதுக்கு மேல என்ன பேச்சு?"

நான் திரும்பி நடந்தேன். வாசல்படி இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அல்லி எலைக்கு அடியில கெடந்தது பொய்யில்ல. அது ஒங்க பூட்டி. எட்டு வயசுப் பொண்ணு, எங்க ஜனம். அந்தாளு பிடிச்சிட்டுப் போனது அவளத்தான். வளந்ததும் அவளையே கட்டிக்கிட்டான். அவ செத்தப்புறம் பேரச் சொல்லக் கூடாதுன்னு 'நம்ம பழைய ஆளு, நம்ம பழைய ஆளு'ன்னு சொல்லி வந்தாங்க. ஒங்க வீட்டுப் பிள்ளைங்க மிஷன் அட்டையப் பாத்துட்டு அது ஹெக்டருதான்னு முடிவு கட்டிட்டீங்க. ஆமையையும் நீங்களே பிடிச்சுப் போட்டுக்கிட்டீங்க."

"அவ பேரு என்ன, ரூபி?"

"சொல்லாம விட்ட பேரு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

புரிகிறதா உனக்கு? கதை நிஜம். ஆளைத்தான் மாற்றிவிட்டோம். அவளை மரியாதையாக மறந்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு போனவன் தலையில் அவள் பட்ட பாட்டைக் கிரீடம் மாதிரி வைத்தோம். நான்தான் வைத்தேன், ஊர் மண்டபத்தில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு.

கொஞ்ச நாள் எழுதாதே.

டெஸ்லி


பிரிஸ்பேன்,
16 ஆகஸ்ட் 1999

அக்கா,

எழுதாதே என்றாய். மூன்று மாதம் எழுதவில்லை. நேற்றுச் செய்தித்தாளில் படம் பார்த்தேன். குட்டைக்கரையில் பலகை, பக்கத்தில் சுத்தியலோடு ஹேவில். எழுத்துத் தெரிகிற அளவுக்குப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

"1874இல் இவ்விடத்தில் ஹெக்டர் முதலான கறுப்புப் போலீசாரால் பூர்வகுடியினர் சிலர் உயிரிழந்தனர்."

வேறு பெயர் இல்லையா? அதிகாரி? மேய்ச்சல்காரன்? நீ எப்படி ஒத்துக்கொண்டாய்? படத்தில் நீ இல்லை.

நான் வரட்டுமா? விடுப்பு இருக்கிறது.

வெர்ன்


வில்லோரா,
27 செப்டம்பர் 1999

தம்பி வெர்னுக்கு,

என்னை யார் ஒத்துக்கொள்ளச் சொன்னார்கள்? வாசகத்தை ஹேவில் எழுதினான், கவுன்சில் கைதூக்கியது. சொன்ன சொல் காப்பாற்றுகிறவன், ஆணியையும் அவனே அடித்தான். நான் மேயரிடம் போய், உத்தரவு போட்டவன் பெயர் எங்கே என்று கேட்டேன். "அந்தக் குடும்பம் இன்னும் இங்கதான் இருக்கு டெஸ்லி. நல்ல மனுஷங்க. அவங்க மனசு புண்படும்ல?" என்றார். "எங்க குடும்பம் எங்க இருக்கு, நிலாவுலயா?" என்று கேட்டேன். தேநீர் ஆறிப்போகிறது, குடி என்றார்.

ஆக, சாவதற்குள் பார்க்க நினைத்த பலகையைப் பார்த்துவிட்டேன். செத்தவர்கள் பெயர் ஒன்றும் இல்லை. சுடச் சொன்னவன் பெயரும் இல்லை. பலகையில் இருப்பது ஒரே ஒரு பெயர், அது நம் வீட்டுப் பெயர். ஆட்டுச் சந்தைக்குப் போகும் லாரிக்காரர்கள் நிறுத்தி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் வாரம் என்னால் தாங்க முடியவில்லை. விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போய், வேலிக்கு வெளியே இருந்த வண்டல் மண்ணைக் குழைத்து, அந்தப் பெயரின்மேல் மட்டும் அப்பிவிட்டு வந்தேன். எவ்வளவு கெட்டவன் ஆனாலும் செத்தவன். வாயால் சொல்வது ஒன்று, செத்தவன் பெயரை அப்படிப் போட்டு வைப்பார்களா? திங்கட்கிழமை கவுன்சில் ஆள் குழாய் வைத்துக் கழுவுவான். செவ்வாய்க்கிழமை நான் அப்புவேன். இப்படியே ஐந்து வாரம்.

போன வாரம் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வெளியே வந்து நேரே குட்டைக்குப் போனேன். பெயரின்மேல் மண் இருந்தது. நான் அப்புகிற காய்ந்த வண்டல் இல்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து எடுத்த கறுப்புச் சேறு. கீழே கரையில் கைத்தடி ஊன்றிய குழிகள்.

ரூபி வீட்டுக்குப் போனேன். கொசுவலைக் கதவு இந்த முறையும் திறக்கவில்லை. "நீதானா?" என்று கேட்டேன்.

"செத்தவன் பேர வெயில்ல விடக் கூடாது. அது சட்டம். அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத" என்றாள்.

"நெனைக்கல."

"எங்க ஆளுங்களக் கொன்னவன். அவன் பேர மூடறதுக்கு இடுப்பு வலியோட நான் எறங்க வேண்டியிருக்கு. ஒன்னாலதான். காகிதம் காகிதம்னு அலைஞ்சியே" என்று இன்னும் என்னென்னவோ திட்டினாள். நின்று கேட்டுக்கொண்டேன். நியாயமாகத்தான் திட்டினாள். முடித்துவிட்டு, "திங்கக்கெழம அவன் கழுவினதும் நான் பாத்துக்கறேன். காஞ்சு உதிரும், நீ வியாழக்கெழம போ" என்றாள். அவ்வளவுதான். தண்ணீரில் இறங்கு என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டாள், நானும் இறங்க மாட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் வண்டியை நிறுத்தினேன். வெள்ளைப் பெயின்ட் ஒரு டப்பா, நாலங்குலப் பிரஷ் ஒன்று, வாசல் அகலத்துக்கு ஒரு பலகை. சந்தைக்குப் போகும் சாலையில் என் வீட்டு வேலி எத்தனை நீளம் என்று உனக்குத் தெரியும்.

உன் மேல்சட்டைப் பையில் இருக்கிற பக்கத்தை அனுப்பு. விடுப்பு இருந்தால் நீயே எடுத்துக்கொண்டு வா. அந்த அதிகாரியின் பெயரை எழுத்துக்கூட்டித் தப்பில்லாமல் எழுத வேண்டும். அவன் நம் சட்டத்துக்கு வெளியே இருந்தவன். அவன் பெயர் வெயிலில் கிடக்கட்டும்.

உன் அக்கா
டெஸ்லி